மேல் தட்டில் வஞ்சிரம்

பெங்களூரில் ஒவ்வொரு வீட்டு பிரிட்ஜுக்குள்ளும் கறியும் மீனும் எந்தத் தட்டில் உட்கார்ந்திருக்கின்றன என்பது அரசாங்கத்துக்குத் தெரியாமலே ரொம்பக் காலம் ஓடிவிட்டது. எந்தத் தெருவில் மழைத்தண்ணீர் நிற்கும், எந்தப் பள்ளத்தில் எந்த ஸ்கூட்டர் விழும் என்பதெல்லாம் தெரிந்த அரசாங்கத்துக்கு இது ஒரு குறையாகப் பட்டது. அதனால் 'இல்லக் குளிர்பேணல் இயக்ககம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தொடங்கின கையோடு அதற்கு ஒரு கட்டடம், ஒரு இயக்குநர், ஒரு சின்னம். சின்னத்தில் ஒரு மீன் கம்பளி போர்த்திக்கொண்டு சிரிக்கும். எதற்குச் சிரிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஸ்ரீராம்புரத்து ஜனங்கள் அதை பிரிட்ஜ் ஆபீஸ் என்றே சொன்னார்கள்.

அந்த ஆபீஸ் தன் வீடு தேடி வரும் என்று இளங்கோவன் நினைத்ததே இல்லை. அவர் வீட்டைத் தேடி யாரும் வந்து நாளாகியிருந்தது.

இளங்கோவன் கம்பி கட்டுகிறவர். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் தூணுக்கும் தளத்துக்கும் உள்ளே கம்பியை அடுக்கி, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டுகிற வேலை. இந்த ஊரில் எத்தனையோ அடுக்குமாடிகளுக்கு உள்ளே அவர் முறுக்கிய முடிச்சு இருக்கிறது. கான்கிரீட் கொட்டின பிறகு அது யார் கண்ணிலும் படாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தோள்பட்டை தனியாகக் கழன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். பேச்சுத் துணைக்கு அந்தத் தோள்பட்டைதான்.

அவர் மனைவி மங்களம், மகள் ஸ்னேஹாவின் பிரசவம் பார்க்க பூனாவுக்குப் போனாள். பிள்ளை பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது, இப்போது பள்ளிக்கூட வேனில் ஏறி டாட்டா காட்டுகிறது. மங்களம் இன்னும் திரும்பவில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையை யார் பார்ப்பது. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை எதுவும் கிடையாது. சண்டை இருந்திருந்தால் சமாதானம் பேசவாவது நாலு பேர் வந்திருப்பார்கள்.

அப்பா கஷ்டப்படக் கூடாது என்று ஸ்னேஹாதான் பிரிட்ஜ் வாங்கி அனுப்பினாள். "ஞாயித்துக்கிழம ஒரே வாட்டி ஆக்கி வெச்சிடுப்பா. வாரம் பூரா சூடு பண்ணித் தின்னுக்க" என்றாள். அப்படியே செய்தார். அன்றிலிருந்து அவருக்கு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடுதான், ஞாயிற்றுக்கிழமைக்குரிய சத்தம் மட்டும் எந்த நாளிலும் இல்லை. முன்பெல்லாம் அரைக் கிலோ கறி எடுத்தால் மிச்சம் தாங்காது என்று பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். கிண்ணம் வெறுமனே திரும்பி வராது, எதையாவது ஏந்திக்கொண்டு வரும். இப்போது இவர் வீட்டிலும் பிரிட்ஜ், பக்கத்து வீட்டிலும் பிரிட்ஜ். கிண்ணங்களுக்கு வேலை போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் மங்களம் போன் பண்ணினாள். தசராவுக்கு வருகிறாளாம். பூனாவில் அவர்கள் இருப்பது வாடகை வீடு. மீன் வாசனை வந்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவேன் என்று வீட்டுக்காரர் சொல்லியே வைத்திருக்கிறார். "நான் வந்து எறங்கினதும் வஞ்சிரம் வறுத்துக் குடுத்துடு. வேற ஒண்ணும் எனக்கு வேணாம். நாக்கு செத்துப்போச்சு" என்றாள்.

அவள் டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே இளங்கோவன் மீன் எடுத்துவிட்டார். நல்ல மீன், கண் தெளிவாக இருந்த மீன். கடைக்காரனிடம் சொல்லி வட்ட வட்டமாகத் துண்டு போட்டு வாங்கி, கறுப்புக் கவரோடு பிரிட்ஜின் மேல் தட்டில் வைத்தார். பிரிட்ஜுக்குள் போன சாமானுக்கு நாள் நடக்காது என்பது அவர் எண்ணம். உயர்ந்த பொருளை உயரத்தில்தான் வைக்க வேண்டும் என்பது அவர் வழக்கம்.

மறுநாளே கதவு தட்டும் சத்தம் கேட்டது. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கையில் ஒரு தெர்மாமீட்டர். சின்ன வயசுப் பெண்.

"யாரும்மா?"

"பிரிட்ஜ் ஆபீஸ்லேர்ந்து வர்றேன் அங்கிள். பேரு நிக்கோல். உங்க பிரிட்ஜ் செக் பண்ணணும்."

"ரிப்பேர் ஒண்ணும் இல்லையே."

"ரிப்பேர் நாங்க பாக்க மாட்டோம் அங்கிள். குத்தம் மட்டும்தான் பாப்போம்."

உள்ளே வந்து பிரிட்ஜைத் திறந்தாள். குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தாள்.

"மீன் மேல இருக்கு, தயிர் கீழ இருக்கு அங்கிள்."

"ஆமா. நல்ல மீனும்மா. அத கால்மாட்டுல வைக்க மனசு வரல."

"மீன் தண்ணி தயிர்ல சொட்டுது பாருங்க."

பார்த்தார். சொட்டியிருந்தது. தயிரின் நடுவில், கன்னத்தில் வைத்த மச்சம் மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி.

"பச்சை மீனு, பச்சைக் கறி எல்லாம் கீழ்த் தட்டுல, மூடி போட்ட டப்பாவுல வைக்கணும். ஆக்கின சாமான் மேல. இது என்ன, கறிய முட்ட வைக்கற கதவுல சொருகியிருக்கீங்க? கதவ தொறக்கத் தொறக்க அங்க சில்லு நிக்காது அங்கிள்."

"இந்த வீட்ல கதவு தொறக்கற ஆளே நான் ஒருத்தன்தான்மா."

அவள் தெர்மாமீட்டரை உள்ளே வைத்துக் கதவை மூடினாள். "முள்ளு நின்னு தெரியற வரைக்கும் நான் எங்கயும் போகக் கூடாது. ரூல்ஸ்."

"அது வரைக்கும்?"

"சும்மா உக்காந்திருப்பேன்."

வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதன் மேல் துணி குவிந்திருந்தது. இளங்கோவன் துணியை எல்லாம் வாரிக் கட்டிலில் போட்டுவிட்டு நாற்காலியைத் துடைத்தார். துடைத்த பிறகுதான் அதன் நிறம் பச்சை என்பது அவருக்கே ஞாபகம் வந்தது. டீ போட்டார். டீ போடும்போது இரண்டாவது தம்ளர் எங்கே என்று கொஞ்ச நேரம் தேடினார்.

நிக்கோலுக்கு வீடு லிங்கராஜபுரம். இரண்டு பஸ் மாறி வருகிறாள். கான்ட்ராக்ட் வேலை. "பாதி வீட்ல கதவே தொறக்க மாட்டாங்க அங்கிள். ஏதோ விக்க வந்திருக்கேன்னு நெனைப்பாங்க. நீங்க டீ குடுக்கறீங்க" என்றாள். அப்புறம் அட்டையில் மாட்டிய தாளை எடுத்தாள். "கடைசியா ஒண்ணு. வைக்கறவர் யாரு, சரிபாக்கறவர் யாரு?"

"எதுக்கும்மா ரெண்டு பேரு?"

"ஒருத்தர் மீன உள்ள வைக்கணும். சரியா வெச்சிருக்காரான்னு இன்னொருத்தர் பாக்கணும். ரெண்டும் ஒரே ஆளா இருக்கக் கூடாது."

"நான்தானே இருக்கேன்."

"தனியா இருக்கறவங்களுக்கு இதுல எடமே விடல அங்கிள்" என்று அவளே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்திலும் இல்லை.

முள் நின்றது. தெர்மாமீட்டர் மட்டும் குற்றம் சொல்லவில்லை. மற்றதெல்லாம் குற்றம். நிக்கோல் நோட்டீஸ் கொடுத்தாள். இயக்ககத்தில் நடக்கும் வகுப்புக்கு வர வேண்டும். குற்றம் திருந்தும் வரை மாதம் ஒரு முறை அவள் வந்து பார்ப்பாள். திருந்தாவிட்டால் கரண்டு மீட்டருக்குப் போடுகிற மாதிரி பிரிட்ஜுக்குக் கம்பி சுற்றி ஈய முத்திரை வைத்துவிடுவார்கள்.

"உள்ள இருக்கற மீனு? தசராவுக்கு என் வீட்டுக்காரி வர்றா, அவளுக்கு வெச்சது."

"மீனுக்கும் சேத்துதான் சீல் அங்கிள்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். "தசராவுக்குத்தான் வேணும்னா அத துடைச்சி, டப்பாவுல போட்டு, மேல பிரீசர்ல வெச்சிடுங்க. கீழ வெச்சா நாளைக்கே போயிடும்."

அவர் வாழ்க்கையில் எத்தனையோ முதலாளிகள் கம்பி கட்டச் சொல்லியிருக்கிறார்கள். தனக்கு எதிராக ஒருவர் கம்பி கட்டப்போவதாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. மீனைத் துடைத்து டப்பாவில் போட்டு பிரீசரில் வைத்தார். தயிரைக் கொட்டினார். வகுப்புக்குக் கிளம்பினார்.

இயக்ககம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட்டில் 'ரிப்பேர்' என்று எழுதி ஒட்டியிருந்த தாளே பழுப்பாகிக் கிழிந்திருந்தது. ஹாலில் குற்றம் கண்ட வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒரு பிரிட்ஜ். அதன் பக்கத்தில் ஒரு தட்டில் ரப்பர் மீன். இயக்குநர் வைத்தீஸ்வரன் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, நெற்றியில் விபூதி. மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கிற குடும்பம்.

"இங்க வந்திருக்கற குற்றவாளிகள், மன்னிக்கணும், பயனாளிகள் எல்லாருக்கும் நமஸ்காரம்" என்று ஆரம்பித்தார். "நான் சர்வீஸ் பூரா பால் பிரிவுல இருந்தவன். மாமிசம் தொட்டதில்லை, மீன் பார்த்ததில்லை. அதனாலதான் என்னை இந்தப் பதவிக்குப் போட்டா. மீனைப் பத்தித் தெரிஞ்சவாளைப் போட்டா பாரபட்சம் வந்துடும் பாருங்கோ. அவா வாசனை பிடிச்சுப் பார்ப்பா, விரலால அமுக்கிப் பார்ப்பா, ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லுவா. நிர்வாகம் அபிப்பிராயத்துல நடக்கப்படாது. என்கிட்ட அந்தக் குறையே கிடையாது. எனக்கு அபிப்பிராயமே இல்லை."

சிலர் கைதட்டினார்கள். அவர் இடுக்கியால் ரப்பர் மீனைத் தூக்கினார். "இது மீன். இதை எங்கே வைக்கணும்? கீழ்த் தட்டு." சொல்லிக்கொண்டே பிரிட்ஜின் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து கோப்புகள் சரசரவென்று அவர் காலில் சரிந்தன. உள்ளே மேலிருந்து கீழ்வரை கோப்புதான். வயரைச் சுற்றி மேலே வைத்திருந்தார்கள்.

அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "அலமாரி பத்தலை. ஆனா கவனியுங்கோ. பால் சம்பந்தப்பட்ட கோப்பு மேல் தட்டுல இருக்கு, மீன் சம்பந்தப்பட்ட கோப்பு கீழ்த் தட்டுல இருக்கு. ஊருக்குச் சொல்றதை நாங்களே கடைப்பிடிக்கறோம்."

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் எழுந்து, மீன் கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாள்.

"நல்ல கேள்வி. வாசனை பத்தின சுற்றறிக்கை இன்னும் வரலை. அது வர்ற வரைக்கும் மீன் கெட்டதா இல்லையான்னு பொதுமக்கள் யாரும் தன்னிச்சையா முடிவு பண்ணப்படாது."

இளங்கோவனும் கையைத் தூக்கினார். "சார், நான் வீட்ல ஒண்டியா இருக்கேன். வைக்கறதும் நான்தான், பாக்கறதும் நான்தான்."

இயக்குநர் முகம் சுருங்கியது. "தனியா இருக்கறவா எங்க துறை இல்லை. மேல் மாடி போங்கோ."

மேல் மாடியில் 'தனித்து வாழ்வோர் பிரிவு' என்று பலகை இருந்தது, கதவு பூட்டியிருந்தது. வராந்தாவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பியூனிடம் கேட்டார்.

"அந்தப் பிரிவுல ஒரே ஆளுதான். அவரு லீவு" என்றார் பியூன்.

"எப்ப வருவாரு?"

"வீட்ல போன் பண்ணிக் கேக்கலாம்னா, அவரு வீட்லயும் எடுக்கறதுக்கு வேற ஆள் இல்ல."

இளங்கோவன் கீழே இறங்கி வந்தார். வைத்தீஸ்வரன் ரப்பர் மீனுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். இவர் நிற்பதைப் பார்த்து, "சம்சாரம் இல்லையோ?" என்று கேட்டார்.

"இருக்கா சார். மங்களம்னு பேரு. பூனாவுல."

"அப்போ நீர் தனியா இல்லையே. தூரத்துல இருக்கீர், அவ்வளவுதான். தினம் வீடியோ கால்ல அவாளை சரிபார்க்கச் சொல்லும். சரிபார்ப்பவர் மங்களம்னு போட்டுடறேன்." போட்டுவிட்டார்.

இது அரசாங்கம் இளங்கோவனுக்குச் செய்த நல்லது என்றுதான் சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் பிள்ளை தூங்கினால்தான் பேசிக்கொண்டிருந்த மங்களம் இப்போது தினம் சாயங்காலம் போனில் வந்தாள். இளங்கோவன் பிரிட்ஜைத் திறந்து போனை உள்ளே நீட்டுவார். அவர் முகத்தை அவள் பார்ப்பது குறைவு. தட்டுகளைத்தான் பார்த்தாள்.

"அது என்ன, கறிய மூட்டையா கட்டி வெச்சிருக்க? அவ்வளவும் ஒரே கல்லா நின்னுக்கும். ஒரு வேளைக்கு ஒரு டப்பான்னு பிரிச்சி வை."

"ஒரு வேளைக்கு எவ்ளோ?"

"உனக்குத் தெரியாதா?"

"ரெண்டு பேருக்குன்னா தெரியும்."

அவளுக்குப் பின்னால் டி.வி. சத்தம் கேட்டது. "சரி, ரெண்டு பேருக்கே போடு. பாதிய மறுநாளு தின்னு. பிரீசர்லேர்ந்து எடுத்தா வெளிய வெச்சி எளக்காத. மொத நாளே கீழ்த் தட்டுக்கு எறக்கி வெச்சிடு. எளகினத மறுபடி மேல ஏத்தாத. மேல டப்பாவுல என்ன?"

"உன் வஞ்சிரம்."

"இன்னுமா வெச்சிருக்க?"

"தசராவுக்கு வர்றேன்னியே."

"அதான் சொல்ல வந்தேன். பையனுக்கு லீவுல டான்ஸ் கிளாஸாம். தீவாளிக்குப் பாத்துக்கலாம்."

தீபாவளிக்கு ஸ்னேஹாவுக்கு ஆபீசில் ஏதோ முக்கியமான வேலை வந்தது. வஞ்சிரம் பிரீசரில் அப்படியே இருந்தது. இளங்கோவன் அதை மட்டும் தொடவில்லை. மற்ற டப்பாக்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

நிக்கோல் மாதம் தவறாமல் வந்தாள். அவள் வருகிற நாள் நெருங்கினால் இளங்கோவன் நாற்காலியைக் கழுவி வெயிலில் வைப்பார். இரண்டாவது தம்ளர் இப்போது முதல் தம்ளருக்குப் பக்கத்திலேயே இருந்தது. தெர்மாமீட்டர் உள்ளே இருக்கிற நேரம் முழுக்கப் பேச்சுதான். ஆபீசில் தங்களுக்கு பிரிட்ஜ் இல்லை, மதியச் சாப்பாட்டு டப்பாவை ஜன்னல் விளிம்பில் வைக்கிறோம் என்று ஒரு நாள் சொன்னாள். "பல்லி வந்து சரிபாக்கும் அங்கிள்." இளங்கோவன் சிரித்தார். சிரித்த பிறகு, இந்தச் சுவர் இப்படிச் சத்தம் திருப்பிக் கொடுக்கும் என்பதே மறந்துபோயிருந்ததாகத் தோன்றியது. பாதியில் கதவைத் திறந்து முள்ளைப் பார்க்க அவள் எழுந்தால், "இன்னும் நிக்கலம்மா, ஒக்காரு" என்பார். பார்க்காமலே சொல்வார்.

ஒரு மாதம் அவள் புது உத்தரவோடு வந்தாள். முகம் சரியில்லை. "ஆன்ட்டி சரிபாக்கறது செல்லாதாம் அங்கிள். ஆர்டர் வந்திருக்கு. பூனா மகாராஷ்டிரா. நம்ம எல்லைக்கு வெளிய இருக்கற கண்ணு, நம்ம எல்லைக்குள்ள இருக்கற மீனப் பாக்கக் கூடாதாம்."

"மீனு கடல்லேர்ந்துதானேம்மா வருது. அது எந்த எல்லை?"

"அதக் கேட்டா அதுக்கொரு ஆர்டர் போடுவாங்க அங்கிள். கேக்காதீங்க." பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். "இன்னொண்ணு. அந்த வஞ்சிரம் உள்ள வந்து ரொம்ப நாளாச்சு. பிரீசர் மீனுக்கும் கெடு இருக்கு. முடிய இன்னும் கொஞ்ச நாளுதான். அடுத்த தடவ டைரக்டரே வர்றாரு. சரிபாக்க ஆளு இல்லன்னா முத்திரைதான். அதுக்குள்ள ஆன்ட்டிய வரச் சொல்லுங்க."

இளங்கோவன் போன் பண்ணினார். சரிபார்க்கிற வேலை போய்விட்டது என்று கேட்டதும் மங்களம், "நல்லதாப் போச்சு, சாயங்காலம் இவனுக்கு ஹோம்வொர்க் சொல்லித் தரணும்" என்றாள். வருவதைப் பற்றிக் கேட்டதற்கு, "பாக்கறேன்" என்றாள். அன்றிலிருந்து சாயங்காலப் போனும் நின்றது.

இயக்குநர் வருகிற நாளில் காலையிலேயே டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்டு போனது. ஜீப் சந்துக்குள் நுழைய முடியாமல் முனையில் நிற்க, வைத்தீஸ்வரன் மூக்கில் கைக்குட்டையோடு நடந்து வந்தார். பின்னால் நிக்கோல், கையில் இரண்டு வாழைப்பழம் இருந்த காகிதப் பொட்டலத்தோடு. அது இயக்குநரின் மதிய ஆகாரம்.

தெர்மாமீட்டரை வைத்தார்கள். முள் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நின்றது.

"குளிர் இல்லை" என்றார் வைத்தீஸ்வரன்.

"கரண்டு இல்ல சார்" என்றார் இளங்கோவன்.

"கரண்டு வேற துறை. அதை நான் கவனத்துல எடுத்துக்கப்படாது."

நிக்கோல் பிரீசரைத் திறந்து டப்பாவை எடுத்தாள். மீன் இன்னும் சில்லென்று இருந்தது, ஆனால் விரலுக்கு அமுங்கியது. இளகத் தொடங்கிவிட்டது.

"இளகின மீனைத் திரும்ப உறைய வைக்கப்படாது. விதி. அழிச்சுடணும்" என்று சொன்ன இயக்குநர், அழிப்பதற்கு முன் அது மீன்தான் என்று உறுதி செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கையைப் பிரித்தார். அதில் மீனின் படம் இருந்தது. படத்தையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுற்றறிக்கை மீனுக்குத் தலை இருக்கு. இதுக்கு இல்லையே."

"வெட்டினது சார்."

"யார் முன்னிலையில?"

இளங்கோவன் யோசித்தார். "கடையில கூட்டமா இருந்திச்சி சார்."

"வாலும் இல்லை. வட்டமா இருக்கு. இதை மீன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா நாளைக்கு தணிக்கையில என்னைக் கேப்பா. மீன் இல்லைன்னு எழுதினா, மீன் இல்லாததைப் பார்க்க ஜீப்ல எதுக்கு வந்தேன்னு கேப்பா." அவர் உண்மையாகவே சங்கடப்பட்டார். "எப்படி நிரூபிக்கறது?"

"வறுத்தா தெரிஞ்சிடும் சார்" என்றாள் நிக்கோல். "சாப்பிட்டா அழிச்சதாவும் ஆயிடும்."

வைத்தீஸ்வரன் அவளை மரியாதையோடு பார்த்தார். பால் பிரிவில் இருந்த காலம் முழுக்க அவருக்கு இப்படி ஒரு யோசனை யாரும் சொன்னதில்லை.

இளங்கோவன் டப்பாவை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "கொஞ்சம் இருங்க சார். இது என் வீட்டுக்காரிக்கு வெச்சிருக்கறது. ஒரு வார்த்த கேட்டுடறேன்."

போனை மங்களம் உடனே எடுத்தாள். மீன் இளகிவிட்டது என்றார். இப்போது கிளம்பினால்கூட எட்டாது என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டார். "எப்ப வர்ற?"

"நான் எங்கேர்ந்து வர்றது. இவன் பரீட்சை முடியணும், அப்புறம் இவளுக்கு லீவு கெடைக்கணும். நீயே தின்னுடு" என்றவள் திடீரென்று குரலை மாற்றினாள். "யாரு அங்க? பேச்சுச் சத்தம் கேக்குதே."

"ஆபீசருங்க வந்திருக்காங்க."

"வீட்டுக்கு ஆளு வந்திருக்காங்களா?" அவளுக்கு அது நம்ப முடியாத செய்தியாக இருந்தது. "அப்ப ஏன் என்கிட்ட பேசிட்டு நிக்கிற. நல்லா வறுத்துப் போடு. மொளகாத்தூளோட கொஞ்சம் சோம்பு சேத்துக்க. அடுப்ப தணிச்சி வை, நீ எப்பவும் கருக்கிடுவ."

இளங்கோவன் அடுப்பைத் தணித்து வைத்தார். மசாலா பிடித்த துண்டு எண்ணெயில் இறங்கியதும் சந்தில் போனவர்கள் இரண்டு பேர் நின்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நிக்கோல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இளங்கோவனும் எதிரில் உட்கார்ந்தார். இயக்குநர் வாசல்படிக்கு வெளியே பச்சை நாற்காலியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து வாழைப்பழம் உரித்தபடி அறிக்கை சொல்ல, நிக்கோல் இடது கையால் எழுதிக்கொண்டாள்.

"வாசனை, உண்டு. மேற்படி வாசனை மீனுடையதுதானா?"

"ஆமா சார்."

"உறுதியாத் தெரியுமா?"

"இன்னொரு துண்டு போட்டுக்கிட்டு சொல்றேன் சார்."

இளங்கோவன் அவள் தட்டில் நடுத்துண்டை வைத்தார். அது மங்களத்தின் துண்டு. அவளுக்கு நடுத்துண்டுதான் பிடிக்கும்.

"முள்ளு பாத்தும்மா."

"எங்க வீட்ல இவ்ளோ பெரிய துண்டு யாரும் எனக்குப் போட மாட்டாங்க அங்கிள்" என்றாள் நிக்கோல். மசாலா உதட்டில் ஒட்டியிருந்தது. இளங்கோவனுக்கு அன்றைக்குத் தன் பங்கு எப்படி இருந்தது என்று பிறகு ஞாபகம் வரவில்லை. எதிரில் ஒரு ஆள் முள்ளெடுத்துத் தின்கிற சத்தம் மட்டும் ஞாபகம் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் வைத்தீஸ்வரன் எழுந்து உள்ளே வந்து பிரிட்ஜைக் கடைசியாக ஒரு முறை திறந்து பார்த்தார். பச்சை மீன் இல்லை. பச்சைக் கறி இல்லை. ஒரு சட்டித் தயிரும் ஒரு எலுமிச்சம்பழமும் இருந்தன. அவர் முகம் மலர்ந்தது.

"இப்படின்னா இருக்கணும். தவறா வைக்க எதுவுமே இல்லை. நான் பதவிக்கு வந்ததுலேர்ந்து இவ்வளவு சரியான பிரிட்ஜ் பார்த்ததில்லை. சரிபார்ப்பவர்னு கேட்டா, இன்னிக்கு நாங்க ரெண்டு பேர் இருக்கோம். அதையும் பூர்த்தி பண்ணிடலாம்." நிக்கோலிடம் கை நீட்டினார். அவள் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்துக் கொடுத்தாள். 'குற்றமற்ற இல்லம்' என்று எழுதி, கம்பளி போர்த்திய மீன் சிரித்தது. அதை அவரே பிரிட்ஜ் கதவில் ஒட்டி, கையால் நீவிவிட்டார்.

அவர் ஜீப்பை நோக்கி நடந்த பிறகு நிக்கோல் தெர்மாமீட்டரைத் துடைத்துப் பையில் போட்டாள். போட மனமில்லாதவள் மாதிரி மெதுவாகப் போட்டாள்.

"அடுத்த மாசம் கெழங்கா மீனு எடுத்து வெக்கறேன்" என்றார் இளங்கோவன்.

"அடுத்த மாசம் நான் வர முடியாது அங்கிள். குத்தம் இல்லாத வீட்டுக்குப் போகக் கூடாது. ரூல்ஸ்."

"சும்மா வரலாமேம்மா."

"வரலாம்" என்றாள். ஆனால் லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு வேலை. அது இருவருக்கும் தெரியும்.

சாயங்காலம் கரண்டு வந்தது. பிரிட்ஜ் ஒரு தரம் உதறிக்கொண்டு பாட ஆரம்பித்தது. குற்றமற்ற இல்லத்தில் அதன் சத்தம் மட்டும் இருந்தது.

அடுத்த மாதம் யாரும் வரவில்லை. நாற்காலியில் மறுபடி துணி சேர்ந்தது. இளங்கோவன் ஒழுங்காகத்தான் இருந்தார். கறியைத் துடைத்து, டப்பாவில் பிரித்து, மூடி போட்டு, கீழ்த் தட்டில் வைத்தார். ஆக்கினது மேலே, பச்சையானது கீழே. அவ்வளவு அழகாக அடுக்கி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தபடி நிற்பார். உள்ளே விளக்கு எரியும். இவ்வளவு சரியாக இருப்பதை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் மூடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் வஞ்சிரம் நன்றாக இருந்தது. இரண்டு துண்டு வாங்கினார். வீட்டுக்கு வந்து டப்பாவில் போட்டு மூடிக் கீழ்த் தட்டில் வைத்தார். கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்துபோய் டப்பாவை வெளியே எடுத்தார். மீனை மறுபடி கறுப்புக் கவரில் போட்டு, மேல் தட்டில், விளிம்பில், வாய் திறந்திருக்கும்படி வைத்தார். அதற்கு நேர் கீழே தயிர்ச்சட்டி இருந்தது. அதை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, காலிச் சட்டி ஒன்றைக் கழுவி அங்கே வைத்தார். நல்ல தயிரை வீணாக்குவானேன்.

ஸ்டிக்கரின் அடியில் புகார் எண் இருந்தது. எழுத்துக் கூட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்தினார்.

"இல்லக் குளிர்பேணல் இயக்ககம்" என்றது ஒரு ஆண் குரல்.

"சார், ஸ்ரீராம்புரத்துல ஒரு வீட்ல மீன மேல் தட்டுல வெச்சிருக்காங்க. மூடிகூட இல்ல."

"நீங்க யாரு?"

"பக்கத்து வீடுன்னு போட்டுக்குங்க சார்."

"அந்த வீட்டுக்காரர் பேரு?"

"இளங்கோவன். நல்ல மனுசன்தான் சார். கொஞ்சம் கவனம் போதாது. போன்ல சொன்னா கேக்க மாட்டாரு. நேர்ல வந்து, உக்காந்து, தெர்மாமீட்டர் வெச்சிச் சொன்னாதான் கேப்பாரு. முன்ன ஒரு பொண்ணு வருமே, நிக்கோல்னு. அது சொன்னா கேப்பாரு."

எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "சரி, ஆள் அனுப்பறோம். ஆனா வர்றதுக்குள்ள அவரு மீன கீழ மாத்திட்டா கேஸ் நிக்காது. நாங்க வர்ற வரைக்கும் அப்படியே வெச்சிருக்கச் சொல்லுங்க. வீட்ல இருப்பாரா?"

இளங்கோவன் நாற்காலியிலிருந்த துணியை ஒரு கையால் வாரிக்கொண்டே சொன்னார்.

"இருப்பாரு சார். அவரு எங்க போகப்போறாரு."